மேப்பில் ஒளித்து வைத்தவை: ஷூட்டர் கேம்களில் ஈஸ்டர் எக் தேடப் புதிதாக வருபவர்களுக்கு

நியூக்டவுன் மேப்பை, அதாவது அந்தப் பெயருள்ள சண்டைக்களத்தை, எத்தனை தடவை ஆடியிருப்பேன் என்று கணக்கே இல்லை. எதிரெதிரே இரண்டு வீடு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கொல்லை, நடுவில் தெரு. அங்கங்கே ஆளுயரப் பொம்மைகள் நிற்கும். ஓடுகிற வேகத்தில் ஒன்று கண்ணில் பட்டால் எதிரி என்று நினைத்துச் சுடுவேன், பொம்மை என்று தெரிந்ததும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். ஒருநாள் கூட ஆடுகிற நண்பன் சொன்னான்: "டேய், மேட்ச் ஆரம்பிச்ச உடனே எல்லாப் பொம்மையோட தலையையும் சுட்டுத் தள்ளிப் பாரு. ஒண்ணு விடக் கூடாது." 2012இல் வந்த கால் ஆஃப் டியூட்டி பிளாக் ஆப்ஸ் 2 அது. எங்களுக்கு மட்டுமான பிரைவேட் மேட்ச் திறந்தோம். வீட்டுக்கு ஒருவராகப் பிரிந்துகொண்டோம். முதல் இரண்டு முறை நேரம் போதவில்லை. மூன்றாவது முறை கடைசித் தலை விழுந்ததும் மேப்பில் இருந்த பெரிய திரை உயிர்பெற்றது. அதன் முன்னே போய் நின்றால் அடாரி 2600 காலத்து ஆக்டிவிஷன் கேம்களை ஆடலாம்: பிட்ஃபால், ரிவர் ரெய்டு, கபூம், ஹீரோ. சண்டைக்கென்று கட்டிய தெருவில் நின்றுகொண்டு அன்று வெகுநேரம் பிட்ஃபால் ஆடினோம்.

அந்தப் பொம்மைகளை யாரும் ஒளித்து வைக்கவில்லை. நூறு தடவை அவற்றைத் தாண்டி ஓடியிருக்கிறேன். ஒரு மேப்பில் எது வழக்கம் என்று முழுசாகத் தெரிந்தால்தான் எது வழக்கத்துக்கு மாறானது என்று கண்ணுக்குப் படும். கீழே சொல்கிற ஒவ்வொரு படியும் அந்தக் கண்ணைப் பழக்குவதற்குத்தான்.

முதலில், எதைத் தேடுகிறோம்

கேமை உருவாக்கியவர்கள் உள்ளே ஒளித்து வைக்கும் ரகசியம்தான் ஈஸ்டர் எக். அந்தப் பெயர் அடாரி நிறுவனத்திலிருந்து வந்தது. கேமை உருவாக்கியவர்களின் பெயரை அந்த நிறுவனம் அப்போது வெளியிடாது. அட்வென்ச்சர் என்ற கேமை எழுதிய வாரன் ராபினெட், ஒரே ஒரு பிக்ஸல் அளவுள்ள சாம்பல் நிறப் புள்ளியை உள்ளே வைத்து, அதை எடுத்துக்கொண்டு போனால் மட்டும் திறக்கும் அறையில் தன் பெயரை எழுதி வைத்தார். 1980இல் கேம் கடைக்கு வந்த பிறகு ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்கே கடிதம் எழுதினான். அதை நீக்கவேண்டாம், இதுபோன்றவை இருக்கட்டும் என்று சொன்ன ஸ்டீவ் ரைட்தான் ஈஸ்டர் முட்டை தேடும் விளையாட்டோடு இதை ஒப்பிட்டவர்.

மல்ட்டிபிளேயர் ஷூட்டர்களில் இது பல உருவம் எடுத்திருக்கிறது. சில வெறுமனே பார்ப்பதற்கு. கவுன்ட்டர்-ஸ்டிரைக்கின் ஓவர்பாஸ் மேப்பில் பாம் வைக்கும் இடங்களில் ஒன்றான பி சைட்டின் சுவரில் ஒரு கிராஃபிட்டி (சுவரோவியம்) உண்டு. 2014இல் கொலோன் போட்டியில் ஓலோஃப்மைஸ்டர் என்ற ஆட்டக்காரர் தீக்குள் நின்றபடியே பாமை டிஃப்யூஸ் செய்து செயலிழக்க வைத்ததன் நினைவு அது. மிராஜில் இருப்பது 2016 கொலம்பஸ் போட்டியில் கோல்ட்ஸேரா ஏ.டபிள்யூ.பி. என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியோடு குதித்துக் குதித்து நால்வரை வீழ்த்தியதற்கு. அதே ஆண்டு கொலோனில் சிம்பிள் மேலேயிருந்து குதித்தபடி ஸ்கோப் போடாமல் சுட்டதற்குக் கேஷ் மேப்பில் ஒரு ஓவியம் வைத்தார்கள். இவற்றுக்கு எதையும் அழுத்த வேண்டாம், திறக்க வேண்டாம். நடந்த இடத்திலேயே வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு இந்த வகைதான் மிகவும் பிடிக்கும்.

வேறு சில, ஏதாவது செய்தால்தான் வெளியே வரும். நியூக்டவுன் பொம்மைகள் அப்படி. இன்னும் சில சண்டையின் போக்கையே மாற்றும். ஹாஃப்-லைஃபின் டெத்மேட்ச் மேப் கிராஸ்ஃபயரில் பதுங்கு அறைக்குள் ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் சைரன் அலறும், அறைக் கதவுகள் மூடத் தொடங்கும், வெளியே மாட்டிக்கொண்ட எல்லோர் தலையிலும் குண்டு விழும். கதவு மூடுவதற்குள் உள்ளே நுழைய அத்தனை பேரும் ஓடுவார்கள். இன்னொரு வகை, வரப்போகும் கதைக்கு முன்குறிப்பு. 2018 தொடக்கத்தில் ஃபோர்ட்நைட் வானத்தில் ஒரு வால்நட்சத்திரம் தெரிய ஆரம்பித்தது. மே மாதம் நான்காவது சீசன் தொடங்கியபோது டஸ்டி டிப்போ இருந்த இடத்தில் பெரும் பள்ளம் இருந்தது. ஓவர்வாட்சின் நும்பானி மேப்பில் 2017இல் டூம்ஃபிஸ்ட்டின் கையுறைப் பெட்டி உடைந்து கிடந்தது. அந்தக் கதாபாத்திரம் கேமுக்குள் வந்தது அதற்குப் பிறகுதான்.

படி 1: ஒரே ஒரு மேப்பை எடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரே இரவில் பத்து மேப்பைச் சுற்றிப் பார்ப்பது. ஒரு மேப்பும் மனதில் நிற்காது. உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகப் பழகியதை எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, மேட்ச் தொடங்கும்போது நீங்கள் தோன்றும் ஸ்பான் இடத்திலிருந்து எதிர்ப்பக்கம்வரை வழி சொல்ல முடிய வேண்டும். எந்த மூலையில் பீப்பாய், எந்தச் சுவரில் போஸ்டர், எந்தக் கதவு திறக்கும், எது வெறும் சித்திரம் என்று சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் இன்னும் ஒரு வாரம் சாதாரணமாகவே ஆடுங்கள்.

படி 2: ஆளில்லாத மேப்பை உண்டாக்குங்கள்

உங்களைச் சுட ஒருவன் காத்திருக்கும்போது சுவரில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாது. ஆகவே பிரைவேட் மேட்ச் அல்லது கஸ்டம் கேம் திறந்து, கணினியே ஆட்டுவிக்கும் பாட்களின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குங்கள். நேர வரம்பை நீக்குங்கள், முடியாவிட்டால் இருப்பதிலேயே அதிகமாக வையுங்கள். ஸ்கோர் வரம்பையும் அப்படியே. எதிராளி ஒருவராவது இருந்தால்தான் மேட்ச் தொடங்கும் என்று சில கேம்கள் அடம்பிடிக்கும். அப்போது ஒரே ஒரு பாட்டைப் போட்டு, திறமையைக் குறைந்த நிலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவுன்ட்டர்-ஸ்டிரைக் போன்ற கேம்களில் நீங்களே திறந்த சர்வரில் டெவலப்பர் கன்சோல் வழியாகச் சீட்ஸை இயக்கி, நோக்ளிப் போட்டுச் சுவர்களைக் கடந்து பறக்கலாம். அது உங்கள் சொந்த சர்வரில் மட்டும் வேலை செய்யும், அங்கே அதில் தப்பும் இல்லை. வெளியிலிருந்து ஏதோ ஒரு புரோகிராமை இறக்கி இதைச் செய்யப் பார்க்காதீர்கள். ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் உங்கள் நோக்கத்தைப் பார்க்காது, அக்கவுன்ட்டைத்தான் பார்க்கும்.

நோக்ளிப்பில் பறக்கும்போது இரண்டு விஷயம் புதியவர்களை ஏமாற்றும். மேப்புக்கு வெளியே வெட்டவெளியில் பொம்மை வீடுபோலச் சின்னஞ்சிறு ஊர் ஒன்று மிதப்பதைப் பார்ப்பீர்கள். ரகசிய ஊர் இல்லை அது. சோர்ஸ் எஞ்சின் என்ற கேம் மென்பொருள் தொலைவுக் காட்சியை பதினாறில் ஒரு பங்கு அளவில் தனியாகக் கட்டி, ஆடும்போது பெரிதாக்கிக் காட்டும். 3டி ஸ்கைபாக்ஸ் என்பார்கள். அடுத்து, ஊதாவும் கறுப்புமாகக் கட்டம் போட்ட பரப்பு. ஒரு படம் ஏறாமல் விடுபட்டிருப்பதைக் காட்டும் அடையாளம் அது, வேறொன்றும் இல்லை.

நோக்ளிப் இல்லாத கேமாக இருந்தால் ஸ்பெக்டேட்டர் கேமராவைப் பாருங்கள். ரீப்ளே வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஹேலோ 3இல் 2007லேயே தியேட்டர் என்று ஒன்று கொடுத்தார்கள். ஆடி முடித்த மேட்சை நிறுத்தி, கேமராவை விருப்பப்பட்ட இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். ஃபோர்ட்நைட்டிலும் ரீப்ளே உண்டு.

படி 3: செட்டிங்ஸ்

பின்னணி இசையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், எஃபெக்ட்ஸ் ஒலியை முழுசாக ஏற்றுங்கள். சப்டைட்டிலைப் போடுங்கள். சில சமயம் காதில் விழாத குரல் எழுத்தில் வந்துவிடும். பிரைட்னெஸைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஸ்கோர் பலகை, மினிமேப் எல்லாவற்றையும் மறைக்க முடிந்தால் மறையுங்கள். ஹெட்ஃபோன் கட்டாயம். ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதே பாதி விடை.

படி 4: நடங்கள்

ஓடாதீர்கள், நடங்கள். நான் செய்கிற முறை இது. ஸ்பான் இடத்தில் நின்று, இடது கைப்பக்கச் சுவரைப் பிடித்தபடியே மேப்பை ஒரு சுற்று வருவேன். ஒவ்வொரு அறைக்குள்ளும் அதே சுவரைத் தொடர்ந்து நுழைந்து, அதே சுவரோடு வெளியே வருவேன். இப்படிப் போனால் ஓரத்து மூலை எதுவும் விடுபடாது. இரண்டாவது சுற்று நடுவில் தனியாக நிற்கும் கட்டடம், வண்டி, மேடை இவற்றுக்கு. மூன்றாவது சுற்று முழுக்கத் தலையை நிமிர்த்தியபடி. கூரை விளிம்பு, விளக்குக் கம்பம், மின்கம்பி, உத்தரம். ஆடுகிற எவரும் மேலே பார்ப்பதில்லை என்பது மேப் கட்டுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான்காவது சுற்றை ஸ்னைப்பர் ஸ்கோப்போடு போங்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் பால்கனியிலும் நின்று, மேப்பின் எல்லைக்கு வெளியே பாருங்கள். போக முடியாத மலை, தூரத்துக் கப்பல், மூடிய கட்டடத்தின் உள்ளே தெரியும் அறை. மாடர்ன் வார்ஃபேர் 2 மேப்புகளில் டெடி பொம்மைகளை இப்படித்தான் அங்கங்கே செருகி வைத்திருந்தார்கள்.

நடக்கும்போது ஒவ்வொரு பொருளிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது இங்கே எதற்கு? மறைந்து நிற்க உதவும் பெட்டி என்றால் பதில் கிடைத்துவிட்டது. வழி காட்டும் பலகை, சரி. இடத்தை நிரப்பும் குப்பைத்தொட்டி, சரி, மற்ற இடங்களிலும் அதே தொட்டி இருக்கிறது. ஆனால் மேப் முழுக்க ஒரே ஒரு டெலிபோன்தான் என்றால் நில்லுங்கள். எல்லா மின்விசிறியும் சுற்றும்போது ஒன்று மட்டும் நிற்கிறதா? எல்லாக் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட, ஒன்று வேறு நேரம் காட்டுகிறதா? செங்கல் சுவரில் ஓரிடத்தில் மட்டும் வரிசை கொஞ்சம் பிசகியிருக்கிறதா? 1993இல் வந்த டூம் காலத்திலிருந்தே சுவரின் படத்தை லேசாக நகர்த்தி வைத்து, இங்கே ரகசியக் கதவு என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. நிறம், எண்ணிக்கை, ஒலி, அசைவு, இந்த நான்கில் ஒன்று மாறியிருந்தால் போதும், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

நோட்டு என்றேன். நிஜமாகவே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மேப்பைக் கையால் வரைந்து, கட்டம் போட்டு, சந்தேகப்படுகிற இடத்தில் புள்ளி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் நூறு சேர்ந்துவிட்டால் எது எங்கே எடுத்தது என்று மறந்துவிடும். கையால் வரைந்தது மறக்காது.

படி 5: தொட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றாக

சந்தேகப் பட்டியல் கையில் வந்த பிறகு சோதனை. முதலில் யூஸ் பட்டனை அழுத்துங்கள், பிறகு அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். பல கேம்களில் ஒருமுறை தட்டினால் எதுவும் ஆகாது, பிடித்திருந்தால்தான் எடுக்கும். கவுன்ட்டர்-ஸ்டிரைக்கில் கோழியிடம் போய் யூஸ் பட்டனை அழுத்துங்கள். உங்கள் பின்னாலேயே வரும். இத்தனை நாள் சுட்டுத் தள்ளியவர்கள் பலருக்கு இது தெரியாது.

அடுத்து துப்பாக்கி, கத்தி, கிரனேடு. ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறுவிதமாகப் பதில் சொல்லலாம். பப்ஜியின் கராகின் மேப் 2020இல் வந்தது, வெறும் 2க்கு 2 கிலோமீட்டர். அங்கே சில சுவர்களும் தரைகளும் ஸ்டிக்கி பாமுக்கு மட்டும்தான் உடையும், உடைந்தால் உள்ளே பொருள்கள் இருக்கும். துப்பாக்கியால் எவ்வளவு சுட்டாலும் அந்தச் சுவர் வாய் திறக்காது. அதே கேமின் டேகோ மேப்பில் ரகசிய அறைகளைத் திறக்கச் சாவியே வேண்டும். அந்தச் சாவி வேறெங்கோ தரையில் கிடக்கும்.

வரிசையும் முக்கியம். ஏபெக்ஸ் லெஜன்ட்ஸில் 2019இல் கிங்ஸ் கேன்யன் முழுக்கப் நெஸ்ஸி என்ற ஏரி விலங்கின் பத்துப் பொம்மைகளை வைத்திருந்தார்கள். ஒன்றைச் சுட்டால்தான் அடுத்தது தோன்றும். பத்தும் முடிந்தால் பெரிய நெஸ்ஸி நீரிலிருந்து தலையைத் தூக்கும். வரிசை தெரியாதவன் ஐந்தாவது பொம்மையின் இடத்தில் போய் நின்றால் வெறும் தரையைத்தான் பார்ப்பான். ஆகவே ஓரிடத்தில் ஒன்றும் இல்லை என்றால், இப்போது ஒன்றும் இல்லை என்று மட்டும் நோட்டில் எழுதுங்கள்.

நேரமும் அப்படியே. நியூக்டவுனில் எல்லாத் தலையும் விழ வேண்டும், அதுவும் மேட்ச் தொடங்கிய ஒன்றிரண்டு நிமிடத்துக்குள். நின்று நிதானமாகச் சுட்டால் எதுவும் நடக்காது. அதனால் ஒவ்வொரு சோதனையையும் இரண்டு முறை செய்யுங்கள், ஒருமுறை நிதானமாக, ஒருமுறை வேகமாக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு ஏதோ திறந்துகொண்டால், எதனால் திறந்தது என்று உங்களுக்கும் தெரியாது, அடுத்தவருக்கும் சொல்ல முடியாது. முடிந்தால் எல்லாவற்றையும் வீடியோவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு விளக்கு அணைந்திருக்கலாம்.

படி 6: காதில் விழுவதை எழுத்தாக்குங்கள்

பெரிய புதிர்களில் ஒலி வந்தே தீரும். பேட்டில்ஃபீல்டு 1இல் பீஸ்கீப்பர் ரிவால்வருக்கான நீண்ட தேடல் ஃபோர்ட் டி வோ மேப்பில் ஹெட்ஃபோன், சொட்டும் நீர், மோர்ஸ் ஒலி என்றுதான் தொடங்கும். சண்டை நடக்கும் சுரங்கத்தில் நீர் சொட்டும் சத்தத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

மோர்ஸ் கேட்டால் பயப்படாதீர்கள். எழுத்துகளை ஒலியால் சொல்லும் முறை அது, குறில், நெடில் போல இரண்டே ஒலி. நெடிலின் நீளம் குறிலைப்போல மூன்று மடங்கு. ஒரே எழுத்துக்குள் இடைவெளி ஒரு குறில் அளவு, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. காதால் பிடிக்க முடியாவிட்டால் பதிவு செய்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறங்கள். அலைவடிவத்தில் குட்டைக் கோடும் நீளக் கோடுமாகக் கண்ணுக்கே தெரியும். அதை எழுதிக்கொண்டு மோர்ஸ் அட்டவணையோடு ஒப்பிட்டால் ஆயிற்று. அதே ஆடாசிட்டியில் ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றியும் ஒருமுறை பாருங்கள். 2016இல் வந்த டூம் கேமின் இசையில் ஐம்முனை நட்சத்திரமும் 666 என்ற எண்ணும் அந்தக் காட்சியில்தான் தெரிந்தன.

சுவரில் அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டம் கண்டால், வகையை முதலில் அடையாளம் காணுங்கள். 0, 1 மட்டும் என்றால் பைனரி. 0 முதல் 9 வரையும் ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்தும் மட்டும் என்றால் ஹெக்ஸ். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எண்ணும் கலந்து, கடைசியில் சமக்குறி வந்தால் பெரும்பாலும் பேஸ்64. வெறும் எழுத்துகள் என்றால் சீசர் முறையை முயலுங்கள். ஒவ்வொரு எழுத்தையும் சில இடம் தள்ளி எழுதுவது அது. இருப்பதே 25 தள்ளல்தான், எல்லாவற்றையும் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். அதிலும் படியாவிட்டால் விஜனேர் முறை. அதற்கு ஒரு திறவுசொல் வேண்டும். மேப்பின் பெயரையும் கதாபாத்திரங்களின் பெயரையும் முதலில் போட்டுப் பாருங்கள்.

மொழியும் புதிராகலாம். வார்ஸோனின் வெர்டான்ஸ்க் மேப்பில் 2020 மே மாதம் பங்கர் 11 என்ற பாதாள அறையைத் திறக்க, அங்கங்கே இருந்த டெலிபோன்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. உயிரோடு இருக்கும் போனை எடுத்தால் ஒரு குரல் ரஷ்ய மொழியில் மூன்று எண்களைச் சொல்லும். அந்த எண்ணுள்ள மூன்று போன்களை அதே வரிசையில் போய்த் தொட்டால் கதவு திறக்கும். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அணுகுண்டு, கூடவே மட் டிராபர் என்ற துப்பாக்கி வடிவம். இதற்காகவே ரஷ்ய எண்களைப் பத்துவரை மனப்பாடம் செய்தவர்கள் உண்டு. நான் ஒரு தாளில் உச்சரிப்பை எழுதித் திரையோரம் ஒட்டியிருந்தேன்.

படி 7: ஆள் சேருங்கள்

சில கதவுகள் தனி ஆளுக்குத் திறக்கவே திறக்காது. கால் ஆஃப் டியூட்டியில் நடைப்பிணங்களோடு மோதும் ஸோம்பி வகையில் 2011இல் வந்த அசென்ஷன் மேப்பில் ஒரு கட்டத்தில் நான்கு பேர் நான்கு இடத்தில் இருக்கும் பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். பேட்டில்ஃபீல்டு 4இன் நான்ஷா ஸ்டிரைக்கில் கடலில் ஒரு மிதவையருகே பத்துப் பேர் வந்து சேர்ந்தால்தான் மெகலோடான் சுறா நீரைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். சண்டை போட வந்த பத்துப் பேர் சுடாமல் ஒன்றுகூடுவதுதான் அதில் கடினமான பகுதி.

ஸோம்பி மேப்பில் தேடுகிறவர்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய உத்தி ஒன்று. ரவுண்டின் கடைசி ஸோம்பியைக் கொல்லாதீர்கள். அது உயிரோடு இருக்கும்வரை அடுத்த ரவுண்டு தொடங்காது. கிரனேடு போட்டு அதன் கால்களை மட்டும் ஒடித்தால் ஊர்ந்துதான் வரும், தள்ளி நிற்பது சுலபம். நால்வரில் ஒருவர் அதைத் தூரமாக இழுத்துச் சுற்றிக்கொண்டிருக்க, மூவர் நிம்மதியாகத் தேடலாம். பழக்கமில்லாதவர்கள் ஆசையில் அதைச் சுட்டுவிடுவார்கள். ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வேலையைப் பிரிக்கும்போது ஒருவர் மட்டும் குரல் கொடுக்கட்டும். "மூணு, ரெண்டு, ஒண்ணு, அழுத்து" என்பதில் ஒன்று என்றதும் அழுத்துவதா, அழுத்து என்றதும் அழுத்துவதா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் குழு ஒரு முழு இரவை இதில்தான் இழந்தது. மேப்பின் இடங்களுக்கு எல்லோரும் ஒரே பெயரைப் பயன்படுத்துவதும் அதே அளவு முக்கியம்.

படி 8: மற்றவர்கள் ஆடும் மேட்சில்

பிரைவேட் மேட்சில் வேலை செய்யாத ரகசியங்கள் உண்டு. பொது மேட்சுக்குப் போகத்தான் வேண்டும் என்றால் ராங்க் (தரவரிசை) இல்லாத வகையைத் தேர்ந்தெடுங்கள். ராங்க் மேட்சில் நாலு பேர் உங்களை நம்பி ஆடும்போது நீங்கள் சுவரைத் தடவிக்கொண்டிருப்பது அவர்கள் நேரத்தைத் திருடுவது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

கடைசிவரை பிழைப்பவர் வெல்லும் பேட்டில் ராயல் கேம்களில் எதிர் அணியோடு சேர்ந்து ஆடுவது விதிமீறல். "வாங்க, சேர்ந்து தேடலாம்" என்று நல்ல எண்ணத்தில் கூட்டணி வைத்தாலும் பான் ஆக, அதாவது அக்கவுன்ட் தடைபட, வாய்ப்புண்டு. தெரிந்தவர்களையே ஒரே ஸ்குவாடில் சேர்த்துக்கொண்டு, எதிரி வந்தால் சண்டை போடுங்கள். மேப்பின் ஓட்டை வழியாகச் சுவருக்குள் புகுந்துகொண்டு வெளியே இருப்பவர்களைச் சுடுவதும் ரகசியம் கண்டுபிடித்ததாகாது. அது கிளிட்ச். மேப்பை உருவாக்கியவர் வைத்தது ஈஸ்டர் எக், அவர் கவனிக்காமல் விட்டது கிளிட்ச். கிளிட்ச் கண்டால் கேமின் ரிப்போர்ட் வசதியில் சொல்லிவிடுங்கள்.

படி 9: புரளியைச் சலித்தெடுங்கள்

டீம் ஃபோர்ட்ரஸ் 2இன் ஃபைல்களுக்குள் ஒரு தேங்காய்ப் படம் இருக்கிறது, அதை அழித்தால் கேமே ஓடாது என்று ஊரெல்லாம் பேச்சு. படம் இருப்பது உண்மை. அழித்தாலும் கேம் ஓடும். பாதி உண்மை கலந்திருப்பதால்தான் அது இவ்வளவு தூரம் பரவியது. ரகசியம் பற்றிய புரளி எல்லாமே இந்த அச்சில் வார்த்ததுதான்: இருக்கிற ஒரு பொருள், இல்லாத ஒரு விளைவு.

ஒரு வீடியோவைப் பார்த்து இரண்டு இரவு ஒரே கோபுரத்தின் உச்சியில் மெழுகுவர்த்திகளைச் சுட்டுக்கொண்டிருந்தேன். வீடியோவைத் திரும்ப ஓட்டியபோதுதான் கவனித்தேன், கடைசி மெழுகுவர்த்தி அணைவதற்கும் கதவு திறப்பதற்கும் நடுவே தோட்டா எண்ணிக்கை மாறியிருந்தது. இரண்டு வேறு காட்சிகளை ஒட்டியிருந்தார்கள். அதிலிருந்து நான் பார்ப்பது இவைதான். வெட்டு இல்லாமல் ஒரே மூச்சில் எடுத்த வீடியோவா? ஸ்கோர், நேரம், தோட்டா தொடர்ச்சியாக இருக்கிறதா? கேமின் எந்த அப்டேட், கன்சோலா கணினியா என்று சொல்லியிருக்கிறார்களா? சம்பந்தமில்லாத இன்னொருவரும் செய்து காட்டியிருக்கிறாரா? ஃபைல்களைக் குடைந்து எடுத்த பெயரையோ ஒலியையோ மட்டும் நம்பாதீர்கள். கைவிட்ட யோசனைகளின் மிச்சமும் ஃபைலில் கிடக்கும்.

ரகசிய அறையைத் திறக்க இந்தப் புரோகிராமை இறக்குங்கள், இங்கே லாகின் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மேப்புக்குள் இருக்கும் கதவுக்கு மேப்புக்கு வெளியே சாவி கிடையாது.

கண்டுபிடித்ததை எழுதி வைப்பது

மேப், தேதி, கேமின் அப்டேட் எண், எந்த வகை மேட்ச், எத்தனை பேர், எந்த வரிசை. இந்த ஆறும் இல்லாத குறிப்பு ஆறு மாதத்தில் செத்துவிடும். வெர்டான்ஸ்க்கே மாறிவிட்டது, கிங்ஸ் கேன்யன் பலமுறை உருமாறியது. அப்டேட்டில் ஒரு சுவர் இடிந்தால் அதிலிருந்த ஓவியமும் போய்விடும். அப்போது மிஞ்சுவது உங்கள் ஸ்கிரீன்ஷாட் மட்டுமாக இருக்கலாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் என் பரிந்துரை இது. முதல் நாள் மிராஜ். பி சைட்டுப் பக்கம் அந்தக் கிராஃபிட்டியைத் தேடுங்கள், இடம் சொல்லும் வீடியோவைப் பார்க்காமல். கண்டுபிடித்ததும் அதன் முன்னே நின்று, ஒரு ஏ.டபிள்யூ.பி.யை எடுத்து நீங்களும் குதித்துச் சுட்டுப் பாருங்கள், அது எவ்வளவு கடினம் என்று கை சொல்லும். அடுத்தது நியூக்டவுன், ஒரு நண்பரோடு. எந்தப் பொம்மை யாருக்கு என்று முதலில் ஒரு சுற்று நடந்து எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். மூன்றாவது, முதல் பிளாக் ஆப்ஸின் கீனோ டேர் டோட்டன். வெவ்வேறு இடங்களில் மூன்று விண்கல் துண்டுகள். பக்கத்தில் போனால் மெல்லிய ரீங்காரம் கேட்கும், யூஸ் பட்டனை அழுத்த வேண்டும். மூன்றாவதைத் தொட்டதும் ஒரு பாட்டு தொடங்கும். கடைசி ஸோம்பியை யாராவது இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் அதை முழுசாகக் கேட்கலாம்.